ஒரு ஹார்ட் டிஸ்க், நாலு டெப்: வீட்டு வீடியோ எல்லாவற்றிலும் ஓட என்ன வழி?

#1 களுதாவளைத் தம்பி

வீட்டில் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது. எங்கள் குடும்பத்தின் இருபத்தைந்து வருசம் அதற்குள்தான். சின்ன மாமா ஒரு காலத்தில் மினிடிவி கெமராவோடு (MiniDV, சின்னக் கசெட் போடுவது) திரிந்தவர். அவர் எடுத்தவை ஒரு பக்கம். அக்காமார் இரண்டு பேரின் கல்யாண டிவிடிகள், என்னுடைய கல்யாணம் (எம்டிஎஸ் என்று முடியும் பைல்கள்), பிள்ளையார் கோயில் திருவிழா, ஊரில் விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்து ஒன்று (விஎச்எஸ் கசெட்டிலிருந்து யாரோ மாற்றித் தந்தது), மகனின் பிறந்தநாள்கள் (மச்சான் ஐபோனில் எடுத்தவை). எல்லாம் சேர்த்து 600 ஜிபிக்குக் கொஞ்சம் மேல்.

டிவியில் போடலாமே என்று கேட்க வேண்டாம். டிவியை மகனுடைய கார்ட்டூனுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மற்றபடி ஆளுக்கொரு டெப். அம்மாவிடம் கனடா மாமா அனுப்பிய பழைய ஐபேட் ஏர், முதலாவதாக வந்த மொடல். மகனிடம் சாம்சங் டெப் ஏ7 லைட். லண்டன் அக்கா அனுப்பிய அமேசான் ஃபயர் மனைவியிடம். நாலாவது, கொரோனாக் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கு அவசரத்தில் வாங்கிய ஒன்று. அதன் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஒவ்வொன்றிலும் கொப்பி பண்ணிப் பார்த்தேன். ஐபேட்டுக்குள் பாதி பைல் போகவே இல்லை. சாம்சங்கில் என் கல்யாணம் ஓடுகிறது, ஆனால் ஊமைப் படம். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுகிறார், சத்தம் இல்லை. ஃபயரில் பிளே ஸ்டோரே கிடையாது. நாலாவது விக்கி விக்கி ஓடுகிறது.

கோர் ஐ3 நாலாம் தலைமுறை லெப்டொப் ஒன்று சும்மா இருக்கிறது. அதை ஒரு மூலையில் வைத்து, எல்லா டெப்பிலும் வைஃபையில் பார்க்க முடியுமா? வீட்டில் இருப்பது சிம் போட்ட 4ஜி ரவுட்டர். டேட்டா கரையுமா என்பது மனைவியின் கேள்வி.

#2 காத்தான்குடி நானா

முதலில் தங்கச்சியின் கேள்விக்குப் பதில்: கரையாது. லெப்டொப்பிலிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து டெப்புக்கும்தான் போகிறது. வீட்டுக்குள்ளேயே நடக்கிற போக்குவரத்து. சிம்மைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பாருங்கள், அப்போதும் ஓடும். என் கடையில் இதைச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் நம்புவதில்லை.

இரண்டாவது, பெரிய வேலைக்குப் போக முன்னம் நாலு டெப்பிலும் விஎல்சி என்ற வீடியோ பிளேயரைப் போடுங்கள். ஃபயருக்கு அமேசானின் சொந்த ஸ்டோரிலேயே இருக்கிறது. ஐபேட் ஏர் ஐஓஎஸ் 12.5 இல் நின்றுவிட்டது. புதிய செயலிகள் பல ஏறாது. சிலவற்றுக்கு ஸ்டோரே "பழைய பதிப்பு வேண்டுமா" என்று கேட்கும். ஓம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் லெப்டொப்பில் அந்த வீடியோ ஃபோல்டரை ஷெயார் பண்ணுங்கள். விஎல்சியில் உள்ளூர் வலையமைப்பு என்ற இடத்தில் லெப்டொப்பின் பெயர் தெரியும். தொட்டுப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் சரி. பழைய பிளேயர் ஏதாவது எஸ்எம்பி 1 ஐ (ஃபோல்டர் ஷெயார் பண்ணுகிற பழைய முறை) திறக்கச் சொன்னால் திறக்க வேண்டாம். விண்டோஸ் 10 இல் 2017 கடைசியிலிருந்து அதை மூடியே தருகிறார்கள். அதே வருசம் உலகமெல்லாம் ஓடிய வன்னாக்ரை வைரஸ் நுழைந்த வாசல் அது.

கல்யாணத்தில் சத்தம் வராததற்குக் காரணம்: எம்டிஎஸ் பைலில் சத்தம் பெரும்பாலும் டொல்பி ஏசி-3 ஆக இருக்கும். அதற்கு நெடுங்காலம் உரிமக் காசு கட்ட வேண்டியிருந்ததால் பல டெப்களில் கூடவே வருகிற பிளேயர் அதை வாசிப்பதில்லை. எம்எக்ஸ் பிளேயரும் ஒரு கட்டத்தில் அதை எடுத்துவிட்டது. விஎல்சி தன் கோடெக்கை, அதாவது சுருக்கிய படத்தையும் சத்தத்தையும் விரிக்கிற நிரலை, தானே கொண்டு வருகிறது. நாதஸ்வரம் கேட்கும், இன்ஷா அல்லாஹ்.

#3 செங்கலடிச் சந்தி

லெப்டொப்பை வீட்டு வீடியோ சர்வர் ஆக்குகிற பிளெக்ஸ் போடுங்கள், வேலை முடிந்தது. அட்டைப்படம், பெயர், விட்ட இடத்திலிருந்து ஓட்டுதல் எல்லாம் வரும். நான் நாலு வருசமாகப் பாவிக்கிறேன்.

#4 மருதமுனைத் தறி

பிளெக்ஸ் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கணக்குத் திறக்க வேண்டும், உள்ளே போக நெட் வேண்டும். 2025 ஏப்ரல் 29 இலிருந்து வீட்டுக்கு வெளியே இருந்து பார்க்கச் சந்தாவும் வேண்டும். வீட்டுக்குள் பார்ப்பது இலவசம். லண்டன் அக்காவும் கனடா மாமாவும் "எங்களுக்கும் காட்டு" என்று நிச்சயம் கேட்பார்கள், அப்போது யோசிக்க வேண்டியிருக்கும்.

என் தெரிவு அதே வேலையைச் செய்யும் ஜெலிஃபின். 2018 டிசம்பரில் எம்பி என்ற மென்பொருள் தன் மூல நிரலைப் பூட்டியபோது அதிலிருந்து பிரிந்து வந்தது. முழுக்க இலவசம், கணக்கு எல்லாம் உங்கள் லெப்டொப்புக்குள்ளேயே. டெப்பின் பிரவுசரில் லெப்டொப்பின் ஐபி எண்ணை அடித்து, பக்கத்தில் 8096 என்று போட்டால் திறக்கும். 192.168.8.20:8096 என்பது மாதிரி.

இதன் உண்மையான பலன் வேறு. எந்த டெப் கேட்கிறது, அதால் எதை வாசிக்க முடியும் என்று பார்த்து, முடியாததை ஓடும்போதே மாற்றிக் கொடுக்கும். நாலு டெப்புக்கு நாலு கொப்பி செய்யத் தேவையில்லை.

#5 கல்லடி வீடியோக்காரன்

தம்பிமார் எல்லாரும் செயலியைப் பற்றிக் கதைக்கிறீர்கள். பைலைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. நான் இருபது வருசம் கல்யாண வீடியோ எடுத்தவன், கடையை இப்போது மூடிவிட்டேன். அந்த ஹார்ட் டிஸ்க்குக்குள் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். ஐந்து சாதிப் பைல் இருக்கும்.

மாமாவின் மினிடிவி: ஏவிஐ என்று முடியும், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. ஃபயர்வயர் கேபிளால் இறக்கியிருந்தால் கசெட்டில் இருந்தது அப்படியே வந்திருக்கிறது, ஒரு துளி குறையாமல். அது தங்கம். அழிக்கக்கூடாது.

அக்காமாரின் டிவிடி: விஓபி பைல்கள், எம்பெக்-2. ஒவ்வொரு பைலும் 1 ஜிபியில் வெட்டுப்படும். அதனால்தான் தாலி கட்டப்போகிற நேரம் படம் நின்று அடுத்த பைலைத் தேட வேண்டி வருகிறது. அது எங்கள் பிழை இல்லை, டிவிடியின் சட்டம் அப்படி.

உங்கள் கல்யாணம்: ஏவிசிஎச்டி, 2006 இல் சோனியும் பனாசோனிக்கும் கொண்டு வந்த முறை. படம் எச்.264 என்ற சுருக்கும் முறையில்தான். சத்தத்தின் கதையைக் காத்தான்குடி நானா சொல்லிவிட்டார்.

கூத்து: கசெட்டிலிருந்து எடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மச்சானின் ஐபோன்: 2017 க்குப் பிறகு வந்த போன் என்றால் அதைவிடப் புதிய எச்.265. உங்கள் அம்மாவின் ஐபேட் 2013 இல் வந்தது, அதன் சில்லுக்குள் எச்.265 க்கு என்று தனி வசதி இல்லை. மென்பொருளால் முக்கி முக்கி ஓட்டும், தோசைக்கல் மாதிரிச் சுடும்.

முதல் நாலுக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. நம் நாட்டில் பால் (PAL) என்ற டிவி முறை: ஒரு வினாடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக, ஒற்றை வரி ஒரு முறை, இரட்டை வரி ஒரு முறை. பழைய குண்டு டிவிக்கு அது சரி. டெப் ஒரே தடவையில் முழுப்படத்தையும் காட்டுவது. அதனால் ஆள் கை அசைத்தால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாக வரும். விஎல்சியில் அதை நீக்க வழி உண்டு, ஆனால் ஒவ்வொரு டெப்பிலும் தேட வேண்டும், சிலதில் அந்த இடமே இருக்காது.

நான் சொல்வது இதுதான். நாலு டெப்பில் எது நோஞ்சானோ அதைப் பிடியுங்கள். அது சுகமாக ஓட்டுகிற மாதிரி ஒரே ஒரு கொப்பி செய்யுங்கள். மற்ற மூன்றும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும். எம்பி4, எச்.264, ஏஏசி சத்தம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். டிவிடிக்கு விஓபி பைலை ஒவ்வொன்றாகத் திறக்காமல் முழு ஃபோல்டரையும் திறந்தால் ஒட்டி ஒரே படமாகத் தரும். "ஃபாஸ்ட் 576பி25" என்ற தெரிவு நம் முறைக்கு என்றே இருக்கிறது. வரி நீக்கும் வடிகட்டியில் "பாப்" என்பதைப் போட்டு, படவேகத்தை 25 இலிருந்து 50 ஆக்குங்கள். கூத்துக்காரரின் காலடி வழுக்காமல் தெரியும். "வெப்புக்கு ஏற்றது" என்ற பெட்டியைச் சரியிடுங்கள். அது பைலின் அட்டவணையைக் கடைசியிலிருந்து முன்னுக்குக் கொண்டு வரும், தொட்டவுடன் ஓடத் தொடங்கும்.

மூலப் பைலை அழிக்க வேண்டாம். மூன்றாவது முறையும் சொல்வேன், அழிக்க வேண்டாம்.

#6 மருதமுனைத் தறி

வீடியோக்கார அண்ணன், மரியாதையோடு ஒரு மறுப்பு. 600 ஜிபியை அந்தப் பழைய ஐ3 இல் உட்கார்ந்து மாற்றினால் பெரும்போகம் வெட்டி முடிந்துவிடும். ஜெலிஃபின் கேட்கும்போது மட்டும் மாற்றும், அந்த வரிக்கோட்டையும் அதுவே நீக்கும். வீடியோ மாற்றுவதற்கென்றே உள்ள இன்டெல்லின் குயிக் சிங்க் வசதி 2011 இலிருந்து சில்லுக்குள் இருக்கிறது, நாலாம் தலைமுறை எச்.264 ஐயும் டிவிடியையும் சுகமாகச் செய்யும்.

#7 கல்லடி வீடியோக்காரன்

செய்யும் தம்பி. ஒருத்தர் பார்த்தால் செய்யும். அம்மா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் தொட்டால்? மச்சானின் எச்.265 க்கு என்ன செய்வீர்கள்? அதைச் சில்லில் வாசிக்க ஆறாம் தலைமுறையாவது வேண்டும், 10 பிட் என்றால் ஏழாம் தலைமுறை.

மாற்றுவது ஒரு நாள் வேலை இல்லை, உண்மை. இரவு படுக்கும்போது போட்டுவிட்டுப் படுக்க வேண்டும். நெல் அவிப்பது மாதிரி. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு எல்லாரும் பக்கத்திலேயே குந்திக்கொண்டா இருக்கிறோம்?

#8 செங்கலடிச் சந்தி

பிளெக்ஸும் இதையெல்லாம் செய்யும் என்று சொல்ல வந்தேன். சண்டை நடக்கிறது, ஓரமாக நிற்கிறேன்.

#9 களுதாவளைத் தம்பி

எல்லாருக்கும் நன்றி. இரவு நானா சொன்ன வழியை முதலில் பார்த்தேன். விஎல்சி நாலிலும் ஏறியது. நாதஸ்வரம் கேட்டது! மனைவி ஃபயரைத் தூக்கிக்கொண்டு குசினிக்கே போய்விட்டார்.

ஆனால் மாமாவின் வீடியோ ஒன்றிலும் சரியாக ஓடவில்லை. பத்து வினாடி ஓடும், நிற்கும். ஐபேட்டில் மட்டும் இல்லை, சாம்சங்கிலும் அப்படித்தான். ரவுட்டர் முன் விறாந்தையில், லெப்டொப் நடு அறையில், அம்மா பின்னால் கிணற்றடிப் பக்கம் கதிரை போட்டு இருக்கிறார். இடையில் இரண்டு கல் சுவர்.

#10 காத்தான்குடி நானா

கணக்கைப் பாருங்கள் தம்பி. ஒரு மணிக்கு 13 ஜிபி என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 29 மெகாபிட். டிவிடி ஆகக் கூடினாலே 10 க்குள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டு சுவருக்கு அந்தப் பக்கம் 20 தந்தாலே பெரிய காரியம். அதிலும் உங்கள் லெப்டொப்பும் வைஃபையில்தானே? அப்படியென்றால் ஒரே பைல் காற்றில் இரண்டு தரம் போகிறது: லெப்டொப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து டெப்புக்கு ஒன்று. ஒற்றையடிப் பாதையில் போகிற வண்டியும் வருகிற வண்டியும்.

லெப்டொப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து லேன் கேபிளால் கொழுவுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். புதிதாக ஒரு சாமானும் வாங்காதீர்கள், நான் கடை வைத்திருக்கிறவன் சொல்கிறேன்.

#11 கல்முனை 212

எனக்கு வேறொரு பிரச்சினை. விண்டோஸிலேயே இருக்கிற, வீட்டுக்குள் வீடியோ பகிரும் டிஎல்என்ஏ முறையை வைத்துச் செய்யலாம் என்று நினைத்தேன். என் போனில் சர்வர் தெரிகிறது, மனைவியின் டெப்பில் தெரியவே இல்லை. ஒரே வீடு, ஒரே ரவுட்டர்.

#12 மருதமுனைத் தறி

மனைவியின் டெப் எந்த வைஃபை பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். விருந்தாளிகளுக்கு என்று தனியாகத் திறந்த பெயரா? அதில் இருப்பவர்கள் வெளியே நெட்டுக்குப் போகலாம், வீட்டுக்குள் மற்றக் கருவியைப் பார்க்க முடியாது. சில ரவுட்டர்களில் சாதாரண வைஃபையிலும் அப்படித் தடுக்கிற தெரிவு ஒன்று இருக்கும்.

டெப் புதிய ஐபேட் என்றால் இன்னொன்று. ஐஓஎஸ் 14 இலிருந்து ஒவ்வொரு செயலியும் "உள்ளூர் வலையமைப்பைப் பார்க்கலாமா" என்று ஒரு தடவை கேட்கும். கேட்ட நேரம் அவசரத்தில் வேண்டாம் என்று அமத்தியிருந்தால் சர்வர் கண்ணுக்குப் படாது. செட்டிங்ஸில் திரும்பத் திறக்க வேண்டும்.

டிஎல்என்ஏ வைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பேன். 2003 இல் தொடங்கிய அந்த அமைப்பே 2017 இல் கலைந்துவிட்டது. இருக்கிற டிவி, பெட்டிகளில் வேலை செய்யும், அவ்வளவுதான்.

#13 கல்முனை 212

விருந்தாளி வைஃபைதான். அதை அவருக்குப் போட்டுக் கொடுத்ததே நான்தான். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்.

#14 திருக்கோவில் டீச்சர்

இரண்டு நாளாக வாசிக்கிறேன். எனக்கு டெப்பைப் பற்றி அதிகம் தெரியாது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும் தம்பி: அந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றுதானா? வேறு கொப்பி இருக்கிறதா?

எங்கள் வீடு கடலிலிருந்து முந்நூறு மீற்றர். 2004 டிசம்பர் 26 க்கு முந்தைய ஒரு படமும் எங்களிடம் இல்லை. என் கல்யாண அல்பம், கசெட், அப்பாவின் பென்ஷன் பத்திரம் எல்லாம் ஒரே அலுமாரியில் வைத்திருந்தோம். பத்திரமாக இருக்கட்டும் என்று.

#15 கல்லடி வீடியோக்காரன்

டீச்சர், வணக்கம். அடுத்த வருசம் மார்ச் வரைக்கும் என் கடைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாவலடி, டச்பார், கல்லடிப் பக்கம். "எங்கட கல்யாணம் நீங்கதானே எடுத்தீங்க, கொப்பி இருக்கா?" என்று. கடை அப்போது டவுனுக்குள் மாடியில் இருந்தது, அதால் தப்பியது. ஆனால் நாங்கள் ஒரு வருசத்துக்கு மேல் கசெட்டை வைத்திருப்பதில்லை, மேலால் வேறொன்றைப் பதிந்துவிடுவோம். கசெட்டின் விலை அப்படி. இருந்ததைக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பியவர்களைத்தான் இப்போதும் ஞாபகம்.

தம்பி, இன்னொரு டிஸ்க் வாங்குங்கள். அது உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. அக்காவோ மாமியோ, கடலுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற யாராவது.

#16 களுதாவளைத் தம்பி

ஒன்றுதான் இருக்கிறது. இந்தக் கிழமை சம்பளத்தில் மற்றது. செங்கலடியில் பெரியம்மா வீடு இருக்கிறது.

(செங்கலடிச் சந்தி அண்ணன், உங்கள் ஊருக்குத்தான் வரப்போகிறேன். பிளெக்ஸ் பற்றிப் பேச மாட்டேன்.)

#17 செங்கலடிச் சந்தி

வாங்க, தேத்தண்ணி குடிக்கலாம். ஜெலிஃபின் பற்றிப் பேசினால் சீனி போட மாட்டேன்.

#18 களுதாவளைத் தம்பி

பத்து நாளைக்குப் பிறகு எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

லெப்டொப் இப்போது முன் விறாந்தையில், ரவுட்டருக்குக் கீழே, சிவப்பு லேன் கேபிளோடு. முதல் நாள் அரை மணிக்கொரு தரம் எல்லா டெப்பிலும் படம் நின்றது. ஒரு மணி நேரம் ரவுட்டரைத் திட்டினேன். பிறகுதான் பார்த்தேன், லெப்டொப் நித்திரைக்குப் போயிருக்கிறது. மூடியை மூடினாலும் ஒன்றும் செய்யாதே என்று செட்டிங்ஸில் போட்டேன், சரி.

அடுத்தது கரண்ட். வியாழன் மழையில் லைட் போய் வந்தது. வந்த பிறகு ஒரு டெப்பிலும் ஜெலிஃபின் திறக்கவில்லை. ரவுட்டர் அணைந்து எழும்பியபோது லெப்டொப்புக்கு வேறு எண் கொடுத்துவிட்டது. 20 ஆக இருந்தது 23 ஆகிவிட்டது. ரவுட்டருக்குள் போய் இந்த லெப்டொப்புக்கு எப்போதும் 20 தான் என்று கட்டிவைத்தேன். இதை ஒருவரும் முன்னமே சொல்லவில்லை, வழக்குப் பதிகிறேன்.

மாற்றும் விடயத்தில் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டேன். மாமாவின் மினிடிவி, டிவிடிகள், மச்சானின் ஐபோன் வீடியோ மூன்றையும் இரவிரவாக ஹேண்ட்பிரேக்கில் போட்டேன். மாமாவின் ஒரு மணி நேரக் கசெட் என் லெப்டொப்பில் அரை மணி நேரம் பிடித்தது. 13 ஜிபி ஒன்றரை ஜிபிக்குள் வந்தது. டெப்பில் வைத்துப் பார்த்தால் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மகனின் கண்ணுக்கும் தெரியவில்லை, அவனைத்தான் நம்புகிறேன். என் கல்யாணத்தை மட்டும் மாற்றாமல் ஜெலிஃபினிடம் விட்டுவிட்டேன். ஒருவர்தான் பார்க்கிறார், அதுவும் எப்போதாவது. மருதமுனை அண்ணன் சொன்ன குயிக் சிங்க் அதற்குத் தாராளமாகப் போதும்.

ஐபேட்டில் ஜெலிஃபின் செயலி ஏறவில்லை. ஆகவே அம்மாவுக்கு விஎல்சி, ஷெயார் ஃபோல்டர். அதுவும் "அம்மாவுக்கு" என்று பெயர் போட்ட தனி ஃபோல்டர், பத்தே பைல். இருநூறு பைலின் பெயரைக் காட்டினால் அவர் டெப்பைக் கீழே வைத்துவிடுகிறார்.

நாலாவது டெப் அந்தப் புதிய கொப்பியைக் கொஞ்சமும் விக்காமல் ஓட்டுகிறது. இவ்வளவு நாளும் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

#19 மருதமுனைத் தறி

எண் கட்டிவைக்கச் சொல்லாதது என் பிழைதான், வழக்கை ஒத்துக்கொள்கிறேன்.

கரண்ட் போகிற நேரத்துக்கு ஒன்று: லெப்டொப்புக்கு பற்றறி இருக்கிறது, ரவுட்டருக்குத்தான் இல்லை. 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ரவுட்டருக்கு என்றே விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் போனில் ஹொட்ஸ்பொட் திறந்து, மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, லெப்டொப்பையும் டெப்பையும் அதில் சேருங்கள். எண் மாறும், அதைப் பார்த்து அடிக்க வேண்டும். 2022 இல் பத்து மணி, பதின்மூன்று மணி நேரம் வெட்டிய காலத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை அப்படித்தான் சமாளித்தோம்.

#20 காத்தான்குடி நானா

இன்னும் லேசான வழி: சாம்சங்கிலும் ஃபயரிலும் மெமரி கார்ட் போட இடம் இருக்கிறது. ஒன்றரை ஜிபிப் பைல் இருபதைக் கார்டில் ஏற்றிவிட்டால் வைஃபையும் வேண்டாம், ரவுட்டரும் வேண்டாம். பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போதும் பார்க்கலாம். ஐபேட்டில் அந்த இடம் இல்லை, ஆனால் விஎல்சியில் வைஃபை மூலம் உள்ளே அனுப்புகிற ஒரு தெரிவு இருக்கிறது. லெப்டொப் பிரவுசரில் அது காட்டுகிற எண்ணை அடித்து, பைலை இழுத்துப் போட்டால் டெப்புக்குள் போய்விடும். அம்மாவின் பத்துப் பைலையும் அப்படியே உள்ளே வைத்துவிடுங்கள். அவருக்கு சர்வர் எதற்கு?

#21 களுதாவளைத் தம்பி

நானா, இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இந்தப் பத்து நாள் வேலையில் பாதி மிச்சம்! செய்துவிட்டேன். பத்தும் ஐபேட்டுக்குள்ளே.

டீச்சர், இரண்டாவது டிஸ்க் ஞாயிறு பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டது.

அம்மா அதிகம் பார்ப்பது எது தெரியுமா? அக்காவின் கல்யாணமும் இல்லை, பேரனும் இல்லை. மாமா கோயிலில் எடுத்த ஒன்று. ஆட்கள் முதுகைத்தான் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், கெமரா ஒருபக்கம் சரிந்திருக்கிறது, பாதி நேரம் பந்தல் துணி. நான் அதை மாற்றாமல் விடலாமா என்றே நினைத்தேன். அதில் ஓரிடத்தில் பெண்கள் குரவை போடுவார்கள். அதில் ஒரு குரல் அம்மம்மாவுடையது என்கிறார் அம்மா. ஆளைக் காணவில்லை, குரல் மட்டும். அந்த இடம் வந்ததும் விரலால் பின்னுக்கு இழுக்கிறார், திரும்பக் கேட்கிறார். பின்னுக்கு இழுக்க அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

#22 திருக்கோவில் டீச்சர்

அந்தச் சத்தத்தைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா? போனில் கேட்கிற மாதிரி?

#23 மருதமுனைத் தறி

முடியும் டீச்சர். விஎல்சியின் கணினிப் பதிப்பிலேயே பைலை மாற்றுகிற இடம் இருக்கிறது, படத்தை விட்டுச் சத்தத்தை மட்டும் எம்பி3 ஆக எடுக்கலாம். தம்பி, மாற்றிய கொப்பியிலிருந்து எடுக்க வேண்டாம், மாமாவின் மூலப் பைலிலிருந்து எடுங்கள். அதில் சத்தம் அமுக்கப்படாமல் இருக்கிறது.

#24 கல்லடி வீடியோக்காரன்

மூலப் பைலை அழிக்க வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னது இதற்குத்தான்.

தம்பி, கூத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதை ஓட்டிப் பார்த்தீர்களா? நாற்பது நிமிடத்துக்குப் பிறகு மத்தளம் அடிக்கிற கைக்கும் சத்தத்துக்கும் இடைவெளி வருகிறதா?

#25 களுதாவளைத் தம்பி

வருகிறது. அண்ணாவியாரின் கை அடித்து ஓய்ந்த பிறகுதான் மத்தளம் கேட்கிறது. கடைசியில் ஒரு முழு வினாடி விலகிவிடுகிறது. வைஃபை பிரச்சினை என்று நினைத்தேன்.

#26 கல்லடி வீடியோக்காரன்

வைஃபை இல்லை. மாற்றித் தந்தவர் யூஎஸ்பி குச்சி ஒன்றை வைத்து எடுத்திருப்பார். தேய்ந்த கசெட்டில் படம் நடுங்கும்போது அந்தக் குச்சி சில படங்களை விட்டுவிடும், ஆனால் சத்தத்தை விடாமல் எழுதும். ஒரு மணி, இரண்டு மணி போகப் போக இரண்டும் பிரிந்துவிடும். எந்த டெப்பில் போட்டாலும், எந்த சர்வரில் போட்டாலும் அப்படித்தான் வரும். கசெட்டிலிருந்து திரும்ப எடுத்தால்தான் சரி.

கசெட் இருக்கிறதா? விடியும் வரை ஆடியது என்றால் மூன்று மணிக் கசெட் இரண்டு, மூன்று இருக்க வேண்டும்.

#27 களுதாவளைத் தம்பி

மூன்று இருக்கிறது. அலுமாரிக்கு மேல், பொலித்தீன் பையில். இப்போதுதான் ஏறிப் பார்த்தேன். ஒன்றில் ஜன்னல் வழியாக உள்ளே வெள்ளையாக ஏதோ தூள் மாதிரித் தெரிகிறது.

#28 கல்லடி வீடியோக்காரன்

அது பூஞ்சை. அந்தக் கசெட்டை ஒரு மெசினிலும் போட வேண்டாம். போட்டால் மெசினின் தலையும் போகும், அடுத்துப் போடுகிற கசெட்டுக்கும் ஒட்டும். பையிலிருந்து வெளியே எடுத்து, வெயில் படாமல், காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். மற்ற இரண்டிலிருந்தும் தள்ளி.

என்னிடம் ஒரு பழைய டெக்கும் படத்தை நேராக்குகிற டைம் பேஸ் பெட்டியும் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கின்றன. சனிக்கிழமை பின்னேரம் மூன்றையும் கொண்டு வாங்க. கல்லடிப் பாலம் தாண்டி வந்து கேட்டால் வீடியோக்காரர் வீடு என்று இப்போதும் காட்டுவார்கள்.